தீரர் சத்தியமூர்த்தி

புதுக்கோட்டைச் சீமையில் திருமயம் என்றோர் ஊர் உண்டு. ஊரின் நடுவே குன்று ஒன்று நிமிர்ந்து நிற்கும். குன்றின்மேல் கோட்டை, குன்றின் அடியில் பாறையைக் குடைந்து அமைத்த இரு கோயில்கள். ஒன்றில் சிவபெருமானும், மற்றொன்றில் திருமாலும் அருகருகே எழுந்தருளியிருக்கின்றனர். அத் திருமாலுக்குச் சத்தியமூர்த்திப் பெருமாள் என்பது திருப்பெயர். அப்பெயரையே தாங்கிய குழந்தை ஒன்று 1887ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 19ஆம் நாள் அவ்வூரில் பிறந்தது. தந்தையார் சுந்தர சாத்திரியார். அவர் வடமொழியில் வல்லவர். திருமயத்தில் வக்கீலாகத் தொழில் புரிந்தவர். தாயார் சுப்புலட்சுமி அம்மையார்.

குழந்தை வளர்ந்து சிறுவனாகும் முன்னரே தந்தையார் மறைந்தார். தாயையும் உடன்பிறந்தோரையும் காக்கும் பொறுப்பு, பள்ளிக்குச் செல்லும் வயதிலேயே சத்தியமூர்த்தியின் தோளில் வந்து அமர்ந்தது. தந்தை விட்டுச் சென்ற பெருஞ்செல்வம் ஒன்றுமில்லை. வடமொழிப் பற்றும், வழக்காடும் தொழிலின்மேல் ஒரு விருப்பமும் மட்டுமே எஞ்சின. அவ்விரண்டும் அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை.

புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் படித்துத் தேறியபின் அவர் சென்னைக்கு வந்தார். கிறித்துவக் கல்லூரியில் சேர்ந்து வரலாறு பயின்று பட்டம் பெற்றார். மாணவர்களே! சென்னைக் கிறித்துவக் கல்லூரி என்றவுடன் தாம்பரத்து இரயில் நிலையத்தை அடுத்து, மரங்கள் அடர்ந்து மான்கள் திரியும் அந்தப் பெருந்தோப்பு உங்கள் மனக்கண்முன் வந்து நிற்கும். சத்தியமூர்த்தி பயின்ற காலத்தில் அக்கல்லூரி அங்கு இல்லை. சென்னை நகரின் நெருக்கடி மிகுந்த பகுதியில், உயர்நீதி மன்றத்திற்கு எதிரே அது நடந்து வந்தது. தாம்பரத்திற்கு அது குடிபெயர்ந்தது 1937ஆம் ஆண்டில்தான். கல்லூரிச் சாளரத்தின் வழியே கண்ணை ஓட்டினால் நீதிமன்றத்தின் செங்கற் கோபுரங்கள் தெரியும் இடத்தில் அவர் படித்தார் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். அடுத்து அவர் சேர்ந்தது சட்டக் கல்லூரி. அதுவும் உயர்நீதி மன்ற வளாகத்தை ஒட்டியே இருந்தது.

சட்டம் பயின்றவர் உடனே தனித்து வழக்காடிவிட முடியாது. மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் சில காலம் இருந்து, வழக்குக் கட்டுகளைப் படிக்கவும், சாட்சிகளை வினவும் முறையை அறியவும் வேண்டும். வி. வி. சீனிவாச ஐயங்காரிடமும், எஸ். சீனிவாச ஐயங்காரிடமும் சத்தியமூர்த்தி அப்பயிற்சியைப் பெற்றார். இவ்விருவரும் அந்நாளில் சென்னை வழக்கறிஞர் உலகில் முன்வரிசையில் நின்றவர்கள். ஆங்கிலத்தில் தடையின்றிப் பேசவும், எதிர்த்தரப்பினர் கூற்றில் உள்ள ஓட்டையை நொடியிற் கண்டு விரலை நீட்டவும் அவர் அங்கே கற்றுக்கொண்டார். வழக்கறிஞர் தொழிலை மட்டும் பற்றி நின்றிருந்தால் அவர் பெருஞ்செல்வராய் வாழ்ந்திருக்கலாம். ஆனால் நாட்டுத் தொண்டு அவரை இழுத்தது.

1919ஆம் ஆண்டு இந்தியாவுக்குச் சில அரசியற் சீர்திருத்தங்களை வழங்க ஆங்கிலேய அரசு முற்பட்டது. மாண்டேகு செம்சுபோர்டு சீர்திருத்தம் என்பது அதன் பெயர். அது போதாது என்றும், ரௌலட் சட்டம் அநீதியானது என்றும் இலண்டன் மாநகரில் எடுத்துரைக்கக் காங்கிரசு அனுப்பிய குழுவில் முப்பத்திரண்டு வயது நிரம்பிய சத்தியமூர்த்தியும் ஒருவர். இங்கிலாந்தில் தங்கியிருந்த நாட்களில், சென்னை இந்து நாளிதழுக்குச் சிறிது காலம் இலண்டன் செய்தியாளராகவும் அவர் பணி புரிந்தார். திருமயத்துக் குன்றடியில் தந்தையை இழந்து நின்ற சிறுவன், ஆங்கிலேயரின் தலைநகரிலேயே அவர்கள் மொழியிலேயே அவர்களோடு வாதிட்டான் என்பது அந்நாளில் தமிழகத்துக்குப் பெருமிதம் தந்த செய்தியாகும்.

அதன்பின் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தது. சட்ட மன்றங்களைப் புறக்கணிக்க வேண்டும் என்று பலர் கருதினர். சித்தரஞ்சன் தாசும் மோதிலால் நேருவும் வேறு வகையாக எண்ணினர். மன்றங்களின் உள்ளே புகுந்து, அங்கிருந்தே ஆட்சியை எதிர்த்துப் போராட வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அதன் பொருட்டு அவர்கள் சுயராச்சியக் கட்சியைக் கண்டனர். சத்தியமூர்த்தி அவர்கள் பக்கம் நின்றார். வழக்கறிஞருக்கு மன்றத்தின் வாயில் அடைபட்டால் போர்க்களம் ஏது? 1923ஆம் ஆண்டு அவர் சென்னைச் சட்ட மன்றத்தில் இடம் பெற்றார்.

அம்மன்றத்தில் அவர் ஆற்றிய பணிகளுள் ஒன்றைத் தமிழர் எவரும் மறத்தல் ஆகாது. பாரதியார் 1921ஆம் ஆண்டு மறைந்தார். அவர் பாடல்களை அவர் குடும்பத்தார் நூல்களாக வெளியிட்டு வந்தனர். 1928ஆம் ஆண்டு பருமா அரசு அந்நூல்கள் அரசுக்கு எதிரானவை எனத் தடை விதித்தது. அதைப் பின்பற்றிச் சென்னை அரசினர் தேடுதல் நடத்தி, நூற்படிகளைப் பறிமுதல் செய்தனர். இறந்துபோன கவிஞரின் பாட்டுக்கு அரசு அஞ்சியது. சத்தியமூர்த்தி மன்றத்தில் ஒத்திவைப்புத் தீர்மானம் கொணர்ந்தார். பாரதியாரின் கவிதை தமிழ் மக்களின் சொத்து என்பதையும், அதைப் பூட்டி வைக்க எந்த அரசுக்கும் உரிமையில்லை என்பதையும் பாடல்களையே எடுத்துக் காட்டி அவர் நிறுவினார். மன்றம் அரசினர்க்கு எதிராக வாக்களித்தது. தடையும் பின்னர் நீங்கியது. இன்று நீங்கள் பாரதியார் பாடலை அச்சமின்றிப் பாடுகிறீர்கள். அதன் பின்னால் ஒரு வழக்கறிஞரின் குரலும் இருக்கிறது.

அவர் கருத்துக்கள் யாவும் காலத்தை வென்று நின்றன என்று சொல்லல் இயலாது. கோயில்களில் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அதே மன்றத்தில் முயன்றபோது, சத்தியமூர்த்தி அதனை எதிர்த்தார். இசையும் நடனமும் அவ்வழக்கத்தோடு அழிந்துவிடும் என்று அவர் அஞ்சினார். கலை அழியவில்லை; வழக்கம் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. அம்மையார் கண்டதே நேர்மையான வழி என்பதை நாடு பின்னர் உணர்ந்துகொண்டது. பெரியோர் வரலாற்றைப் படிப்போர் இதனை மறைத்துப் படித்தல் கூடாது.

கலைகளின்மேல் அவருக்கிருந்த காதல் மெய்யானது. சுகுண விலாச சபையில் பம்மல் சம்பந்த முதலியாரோடு பழகி, நாடக மேடையிலும் அவர் ஏறினார். கூத்தாடுவோர் என்று கலைஞர்களை ஒதுக்கி வைத்த காலம் அது. நாடக நடிகர்களையும் பாடகர்களையும் விடுதலைப் போரின் துணைவர்களாக்கலாம் என்று முன்னதாகவே கண்டவர் சத்தியமூர்த்தி. கே. பி. சுந்தராம்பாள் காங்கிரசுக்காக ஊர் ஊராகச் சென்று பாடியதற்கு அவர் தந்த ஊக்கமே காரணம். மேடைப் பேச்சில் அவர் குரல் ஏறி இறங்கும் முறையும், தக்க இடத்தில் நிறுத்தும் நயமும் நாடகப் பயிற்சியின் பயனாக இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1930ஆம் ஆண்டு திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலின்மேல் நம் நாட்டுக் கொடியை ஏற்ற முயன்று அவர் சிறைப்பட்டார். சிறை வாழ்வு அவர் உடல் நலத்தைக் கெடுத்தது. ஆயினும் வெளிவந்தவுடன் அடுத்த போராட்டத்திற்கு ஆயத்தமானார்.

1934ஆம் ஆண்டு மத்திய சட்டசபைக்குத் தேர்தல் வந்தது. சென்னை நகரத் தொகுதியில் நீதிக் கட்சியின் சார்பில் நின்றவர் சர் ஏ. இராமசாமி முதலியார். அவரும் வழக்கறிஞர், அவரும் பெரும் பேச்சாளர். அவர் எளிதில் தோற்கக் கூடியவர் அல்லர். நகர மக்கள் சத்தியமூர்த்தியைத் தேர்ந்தெடுத்தனர்.

தில்லிச் சட்டசபையில் காங்கிரசுக் கட்சியின் தலைவர் புலாபாய் தேசாய். துணைத் தலைவர் சத்தியமூர்த்தி. அந்தச் சபையின் நிலையை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். உறுப்பினர் வாக்களித்து அரசை வீழ்த்த அங்கே வழியில்லை. வரவு செலவுத் திட்டத்தையே சபை தள்ளிவிட்டாலும், வைசிராய் தம் தனி அதிகாரத்தால் அதனை நிலைநிறுத்திவிடுவார். பிறகு உறுப்பினர்க்கு என்ன ஆற்றல் இருந்தது? வினாக் கேட்கும் உரிமை இருந்தது. எழுத்தில் தந்த வினாவுக்கு அரசினர் எழுதி வைத்த விடையைப் படிப்பர். அவ்விடையிலிருந்தே துணை வினா எழுப்பலாம். சாட்சிக் கூண்டில் நிற்பவரை வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்வது போல, சத்தியமூர்த்தி துணை வினாக்களை அடுத்தடுத்துத் தொடுப்பார். முதல் வினா எளிதாக இருக்கும். இரண்டாவது சிறிது நெருக்கும். மூன்றாவதில், மறைக்க எண்ணிய செய்தியை உறுப்பினர் வெளியிட்டே தீர வேண்டும். நிருவாக உறுப்பினர்கள் வினா நேரத்தை எண்ணிக் கலங்கினர் என்பர். தீரர் என்னும் அடைமொழி அவர் பெயருக்கு முன் நிலைத்தது.

தமிழ்நாட்டுக் காங்கிரசின் தலைமையும் அவரிடம் வந்தது. 1936ஆம் ஆண்டு அவர் தலைவரானபோது, செயலாளராக அவர் தெரிந்தெடுத்தவர் விருதுநகர்க் காமராசர். சத்தியமூர்த்தி பட்டங்கள் பெற்றவர், மும்மொழி வல்லவர். காமராசரோ தொடக்கக் கல்வியளவில் பள்ளியை விட்டவர், மிகச் சில சொற்களே பேசுபவர். குலத்தாலும் கல்வியாலும் இயல்பாலும் வேறுபட்ட அவ்விருவரும் ஆசிரியரும் மாணவருமாய் இணைந்தனர். ஒருவர் மக்கள் உள்ளத்தைச் சொல்லால் எழுப்பினார். மற்றவர் எழுந்த மக்களை ஊர்தோறும் ஒன்று சேர்த்தார். 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 215 இடங்களுள் 159 இடங்களைக் காங்கிரசு வென்றது.

வெற்றிக்கு உழைத்தவருக்கு வெற்றியின் பயன் கிட்டவில்லை. அத்தேர்தலில் பல்கலைக்கழகத் தொகுதியை அவர் இராசாசிக்கு விட்டுக் கொடுத்திருந்தார். இராசாசி முதலமைச்சரானார். அமைச்சரவையில் சத்தியமூர்த்திக்கு இடமில்லை. மாகாணத்தின் ஆட்சியில் பங்கு பெற வேண்டும் என்னும் விருப்பம் அவருக்கு இருந்தது. அதற்குரிய தகுதியும் இருந்தது. வருந்தினார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வருத்தத்தைக் கட்சியை உடைக்கும் கருவியாக அவர் ஆக்கவில்லை. தில்லிக்குத் திரும்பித் தம் வினாக்களைத் தொடர்ந்தார்.

இந்நிலையிலே 1939ஆம் ஆண்டு அவரைத் தேடி வந்தது சென்னை மேயர் பதவி. அப்பதவியின் வரலாற்றைச் சிறிது காண்போம். கிழக்கிந்தியக் கும்பினியார் தந்த பட்டயத்தின்படி 1688ஆம் ஆண்டு சென்னை நகராண்மைக் கழகம் அமைந்தது. இந்திய நாட்டில் அதுவே முதலாவது. நத்தானியல் இக்கின்சன் என்னும் ஆங்கிலேயர் முதல் மேயரானார். இடையிலே நெடுங்காலம் மேயர் என்னும் பெயரே இல்லாமற் போயிற்று. கழகத்துக்குத் தலைவரே இருந்து வந்தனர். 1933ஆம் ஆண்டு அப்பெயர் மீண்டது. குமாரராசா முத்தையா செட்டியார் அவ்வரிசையில் முதல்வரானார். மேயரின் பதவிக் காலம் ஓராண்டே. நீண்ட அங்கியும் தங்கச் சங்கிலியும் அணிந்து, ரிப்பன் மாளிகையில் கூட்டத்திற்குத் தலைமை வகிப்பார். நகரின் முதற் குடிமகன் என்னும் மதிப்புப் பெறுவார். ஆணையிட்டு நடத்தும் அதிகாரமோ ஆணையரிடம் இருந்தது. ஆகவே மேயர் ஒன்றைச் செய்ய விரும்பினால் கேட்டும் வாதிட்டும் இணங்க வைத்துமே செய்தல் வேண்டும். ஓராண்டில் என்ன செய்துவிட முடியும் என்று மாலையும் வரவேற்புமாய்க் காலத்தைக் கழித்திருக்கலாம்.

சென்னையில் அப்போது தண்ணீர்ப் பஞ்சம் தலைவிரித்தாடியது. 1931ஆம் ஆண்டு ஏறத்தாழ ஆறரை இலட்சமாக இருந்த நகர மக்கள் தொகை 1941இல் ஏழே முக்கால் இலட்சத்தைக் கடந்தது. மக்கள் பெருகினர், ஏரி பெருகவில்லை. செங்குன்றத்துப் புழல் ஏரியிலிருந்து வாய்க்கால் வழியாக நகருக்கு நீர் கொண்டுவரும் ஏற்பாடு 1872இல் தோன்றியது. புழலுக்கும் சோழவரத்திற்கும் நீர் தருவது கொசத்தலையாறு. தாமரைப்பாக்கத்தில் ஓர் அணைக்கட்டு அவ்வாற்றின் நீரைத் தடுத்து ஏரிகளுக்குத் திருப்பியது. ஆனால் அணைக்கட்டு என்பது நீரைத் திருப்புமேயன்றித் தேக்கி வைக்காது. ஐப்பசி கார்த்திகையில் பெருவெள்ளம் வரும், ஏரிகள் நிரம்பும், மிஞ்சிய வெள்ளமெல்லாம் எண்ணூர்க் கடலில் விழும். சித்திரை வைகாசியில் ஆறு மணலாய்க் கிடக்கும். குழாயடியில் குடங்கள் வரிசையாய்க் காத்துக் கிடக்கும். கடலுக்குப் போகும் நீரை மேலேயே மறித்துத் தேக்கினால் கோடைக்கு உதவும். அதற்கு ஏற்ற இடம் திருவள்ளூரை அடுத்த பூண்டி.

கோடையில் வறண்டும் மாரியில் மூழ்கியும் வாழும் தாம்பரம், பல்லாவரம் பகுதி மாணவர்க்கு இதனை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. நம் சுற்றுப்புறத்து ஊர்கள் அந்நாளில் சென்னை நகராண்மையைச் சேர்ந்தன அல்ல. தத்தம் ஏரியையும் கிணற்றையும் நம்பி வாழ்ந்தன. தாம்பரம் தனக்கென மாநகராட்சியும் மேயரும் பெற்றது 2021ஆம் ஆண்டில் வந்த ஆணைக்குப் பின்னரே.

பூண்டியில் அணை கட்ட வேண்டும் என்றால் பல இலட்சம் பொருள் வேண்டும். அதற்கு மாகாண அரசின் இசைவு வேண்டும். காலமோ மிகக் கொடியது. 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. இந்தியரைக் கேளாமலே இந்தியாவைப் போரில் ஈடுபடுத்தியதைக் கண்டித்து அக்டோபரில் காங்கிரசு அமைச்சரவை விலகியது. ஆட்சி முழுவதும் ஆளுநர் கைக்குச் சென்றது. இரும்பும் சிமிட்டியும் பணமும் போருக்கே முதலில் என்பது அரசின் நிலை. அந்த அரசை வாழ்நாள் முழுதும் எதிர்த்தவர் சத்தியமூர்த்தி. அதே அரசின் வாயிலிற் சென்று, நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்க வேண்டிய நிலை அவருக்கு நேர்ந்தது.

அவர் தயங்கவில்லை. நாட்டின் உரிமை ஒரு வழக்கு. நகரின் குடிநீர் மற்றொரு வழக்கு. முன்னதில் அரசு எதிர்க்கட்சிக்காரர். பின்னதில் அதே அரசு நீதிபதியின் இருக்கையில் இருந்தது. இரண்டையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை. தம் மானத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை; மக்களின் தாகத்தையும் மறக்கவில்லை. அதிகாரிகளிடம் எடுத்துரைத்தார், மன்றத்தில் இடைவிடாது வற்புறுத்தினார். ஏறத்தாழ எட்டுத் திங்களுக்குள் அரசு இசைந்தது. 1940ஆம் ஆண்டு ஆளுநர் சர் ஆர்தர் ஓப் பூண்டியில் அடிக்கல் நாட்டினார். அரசுக் காரியங்கள் நடக்கும் வேகத்தை அறிந்தவர்கள் இந்த எட்டுத் திங்களை வியந்து போற்றுவர். கதர் உடுத்த மேயரின் முயற்சியால் ஆங்கிலேய ஆளுநர் வந்து கல் நாட்டினார். இருவருக்கும் இடையே இருந்த பகை அன்றும் தீர்ந்தபாடில்லை.

ஆம், தீரவில்லை. மேயர் பதவி நீங்கியபின் காந்தியடிகள் தொடங்கிய தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு அவர் மீண்டும் சிறை புகுந்தார். சிறைக்குள்ளிருந்து தம் ஒரே மகள் இலட்சுமிக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னர் அருமைப் புதல்விக்கு என்னும் பெயரில் நூலாயின. மன்றங்களை நடுங்க வைத்த தீரர், தந்தையாய் இளகி நிற்பதை அக்கடிதங்களிற் காணலாம்.

இதே 1940ஆம் ஆண்டில் மற்றொரு நிகழ்ச்சியும் நடந்தது. தமிழ்நாட்டுக் காங்கிரசின் தலைவராகக் காமராசர் தேர்ந்தெடுக்கப்பட்டார். செயலாளராக அமர்ந்தவர் யார் தெரியுமா? முன்னர்த் தலைவராயிருந்து காமராசரைச் செயலாளராக்கிய சத்தியமூர்த்தியே. மாணவர் உயர்ந்த இருக்கையில் அமர, ஆசிரியர் அவருக்குக் கீழே நின்று பணி புரிந்தார். உலகில் எத்தனை ஆசிரியர்கள் இதற்கு உடன்படுவர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

1942 ஆகஸ்டில் பம்பாயில் வெள்ளையனே வெளியேறு என்னும் தீர்மானம் நிறைவேறியது. அக்கூட்டத்திற்குச் சென்று திரும்பிய சத்தியமூர்த்தி கைது செய்யப்பட்டார். அவரை மத்திய மாகாணத்தைச் சேர்ந்த அமராவதிச் சிறைக்குக் கொண்டு சென்றனர். முன்னரே நலிந்திருந்த உடல் அது. நெடும்பயணத்தில் முதுகெலும்பில் ஊறு நேர்ந்தது. நோய் முற்றியபின் சென்னைக்குக் கொணர்ந்து பொது மருத்துவ மனையில் சேர்த்தனர். அங்கே 1943ஆம் ஆண்டு மார்ச்சு 28ஆம் நாள், ஐம்பத்தைந்தாம் வயதில் அவர் உயிர் நீத்தார். நாடு விடுதலை பெற இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. பூண்டி அணை முடிய இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது.

1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் நாடெங்கும் மூவண்ணக் கொடி ஏறியது. காமராசர் அன்று முதலில் சென்ற இடம் சத்தியமூர்த்தியின் இல்லம். பார்த்தசாரதி கோயிலின்மேல் ஏற்ற முயன்று சிறைப்பட்டவரின் வீட்டின்மேல் அவர் கொடியேற்றினார். 1954ஆம் ஆண்டு முதலமைச்சரானபோதும் அவ்வில்லத்திற்குச் சென்று, ஆசிரியரின் படத்துக்கு மாலை சூட்டி, அவர் துணைவியாரை வணங்கிய பின்னரே பதவிப் பணியைத் தொடங்கினார் என்பர்.

65 இலட்சம் உரூபாய்ச் செலவில் பூண்டி நீர்த்தேக்கம் 1944ஆம் ஆண்டு நிறைவுற்றது. வெள்ள நாளில் தேங்கும் நீர் கோடையில் ஆற்றின் வழியே தாமரைப்பாக்கத்திற்கு இறங்கி, சோழவரத்திற்கும் புழலுக்கும் சென்று நகரை அடைந்தது. 1996ஆம் ஆண்டு முதல், ஆந்திர நாட்டிலிருந்து வரும் கிருட்டிணை ஆற்று நீரும் கால்வாய் வழியாக அதே தேக்கத்தில்தான் வந்து சேர்கின்றது. அத்தேக்கத்திற்குச் சத்தியமூர்த்தி சாகர் என்பது பெயர்.